செம்மறிக்கு ஆகாத புல்

அந்தப் புல்லை என் கையாலேயே நட்டேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கூலிம் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, குருண் ஊர்ப் பக்கம் பழைய ரப்பர் நிலத்தில் ஒன்பது செம்மறிகள் வளர்த்தேன். மேய்ச்சலுக்கு வழவழப்பான இலை உள்ள புல்லாகப் பார்த்து நடச் சொல்லியிருந்தார்கள், கால்நடை இலாகாவில். என் அக்கா புருஷன் தன் மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு லாரி புல்கொடியை நடுவதற்குக் கொண்டுவந்து இறக்கினார். இலையைத் தொட்டேன். இரண்டு பக்கமும் மெத்தென்று ரோமம்.

"மாமா, இது சிக்னல் புல்லு மாதிரி இருக்கே. ஆட்டுக்கு ஆகுமா?"

"பத்து வருசமா என் மாடு திங்குது, கொழுகொழுன்னு நிக்குது. உன் ஆடு என்ன மகாராஜா வீட்டு ஆடா? நடு லா, தம்பி."

எங்கள் வீட்டில் அக்கா புருஷன் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. தீபாவளிக்கு அவர் எடுத்துவரும் சட்டை தொளதொளவென்று தொங்கினாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்பேன். மடையன், அதே மரியாதையைப் புல்லிலும் காட்டினேன்.

மழை விழுந்ததும் கணுவுக்குக் கணு வேர்விட்டு நிலத்தையே மூடிவிட்டது. ஆடுகள் ஆசையாகத் தின்றன. சில வாரங்களில் வெயிலைக் கண்டாலே ஒதுங்கின. காது தடித்தது, முகம் வீங்கியது, கண் மஞ்சளாயிற்று. கால்நடை டாக்டரம்மா வந்து பூங்கதிரைப் பறித்துக் காட்டினார். பழைய ரயில் கைகாட்டி போல இரண்டு மூன்று கிளைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன.

"சிக்னல் புல்லுதான். மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. செம்மறிக்கு ஈரல் போயிடும். நடும்போது தெரியலையாண்ணே?"

தெரிந்தது. வாயைத் திறக்கத்தான் துப்பில்லை.

ஏழு ஆடுகள் செத்தன. கடைசியாகப் போனது சினையாடு. அன்று காலையில்கூட வயிற்றில் குட்டி அசைவதைத் தொட்டுப் பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் வேலி ஓரம் ஒரே இடத்தில் புதைத்தேன்.

அடுத்த மாதம் மாமா அரிவாளோடு வந்தார். வருத்தமாக ஒரு வார்த்தை கிடையாது.

"போனது போச்சு தம்பி, புல்லை வீணாக்காதே. வேலியோரம் அந்த மேட்டுல நல்லா செழிச்சிருக்கு. என் மாட்டுக்கு அறுத்துக்கவா?"

பாய்ந்து அரிவாளைப் பிடுங்கி எறிந்தேன். "வெளிய போங்க!" என்று கத்தினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்தச் சத்தத்தை அந்த லாரி வந்து நின்ற அன்றைக்கே போட்டிருந்தால், என் ஆடுகள் உயிரோடு இருந்திருக்கும்.