காலி மாதத்துக்கு ஒரு டப்பா

டெய்லர் அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் அந்தத் தெருவில் கிடையாது. அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் கணக்குப் பேச ஆரம்பித்தால், பள்ளி வேன் ஓட்டும் அவள் புருஷன்கூட மெல்ல எழுந்து வேனைத் துடைக்கப் போய்விடுவார். கடன் வாங்கிக் கட்டிய வீடு. கீழே இவர்களும் தையல் மிஷினும், மாடியில் குடித்தனம். மாடி வாடகை வந்தால்தான் வங்கித் தவணை போகும். தவணை போகாவிட்டால் வீடே போகும்.

முதலில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது அடுத்த ஆள் வர மூன்று மாதம் ஆகிவிட்டது. வெள்ளையடித்த செலவு, புரோக்கர் செலவு, போதாக்குறைக்கு வங்கியிலிருந்து கடிதம். கடிதம் வந்த அன்றைக்கு அவள் ஒரு சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். இருபது வருடத் தொழிலில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. பயந்துபோனாள். மறுநாளே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் மூடியில் ‘காலி மாதம்’ என்று எழுதினாள். ஒவ்வொரு வாடகையிலும் கொஞ்சம் அதற்குள் போயிற்று. அட்வான்ஸை மட்டும் வங்கியில் தனியாகப் போட்டுவைத்தாள். அது குடியிருப்பவர் காசு, தொட்டால் கை சுடும் என்பாள்.

“ஆளு குடியிருக்கிற வீட்டுக்கு எதுக்குடி காலி மாசம்?” என்று சிரித்தார் புருஷன்.

“உங்க வேனும்தான் நல்லா ஓடுது. அப்புறம் எதுக்கு ஸ்டெப்னி டயர் வெச்சிருக்கீங்க?”

அவர் வேனைத் துடைக்கப் போனார்.

அந்த மூன்று மாதம் கழித்து மாடிக்கு வந்தவர் ரொட்டி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். மனைவி, ஒரு பெண் குழந்தை. நாலு வருடம், வாடகை ஒருநாள் தள்ளிப்போனதில்லை. குழந்தை நடக்கவே நடக்காது, ஓட்டம்தான். தலைக்கு மேலே தடதடவென்று சத்தம் வந்ததும் அக்கா மிஷினை நிறுத்தி மேலே பார்த்து முறைப்பாள். முறைத்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். ‘குதிரை’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

ஒருநாள் காலையில் ரொட்டிக்காரர் கையில் மாடிச் சாவியோடு வந்து நின்றார்.

“ஃபேக்டரியை மூடிட்டாங்கக்கா. மாசக் கடைசில காலி பண்ணிடறோம். பாக்கி வெச்சுக்கிட்டு உங்க முகத்துல முழிக்க முடியாது.”

பொய் சொல்வானேன், அக்காவுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வங்கிக் கடிதம்தான். பிறகு மாடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அளவுநாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“தம்பி, நீங்க போனா இந்த வீடு மூணு மாசம் காலியா கிடக்கும். அதுக்குன்னு காசு எடுத்து வெச்சிருக்கேன். சும்மா கிடக்கப்போற வீட்ல நீங்க இருந்துட்டுப் போனா எனக்கென்ன நஷ்டம்? வெள்ளையடிக்கிற காசு மிச்சம், புரோக்கர் காசு மிச்சம். மூணு மாசத்துக்குள்ள வேலையைத் தேடுங்க. நாலாவது மாசம் நான் இப்படிப் பேச மாட்டேன்.”

அவர் மிஷினில் கிடந்த பட்டுத்துணிக்கு மேலே குனிந்து கண்ணைத் துடைத்தார்.

“அழறதா இருந்தா மேல போய் அழுங்க. கல்யாணத் துணி, நனைஞ்சிடப் போகுது.”

அவர் போனதும் புருஷன் கேட்டார். “மேனேஜரம்மா, நாலாவது மாசமும் வேலை கிடைக்கலைன்னா?”

“தெரியலைங்க,” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் அதுவரை கேட்டதே இல்லை.

மூன்றாவது மாதத் தவணைக்கு எடுத்தபோது டப்பாவின் அடி தெரிந்தது. அக்கா யாரோடும் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தாள். மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது ரொட்டிக்காரருக்கு ஒரு பெரிய கேண்டீனில் வேலை கிடைத்தது. மூன்று மாத வாடகையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்கிற ஆளா அவள்? எண்ணி வாங்கி டப்பாவில் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்து கேண்டீன்காரர்கள் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை டப்பா நிரம்பியிருந்தது, அதனால் அக்கா கலங்கவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முதல்நாள் அவர் ஒரு நர்ஸையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“நல்ல மனுஷங்கக்கா, நான் நல்லா விசாரிச்சுட்டேன். நாளைக்கு மத்தியானமே வந்துடுவாங்க. சுவருக்கெல்லாம் நானே வெள்ளையடிச்சுட்டேன். உங்களுக்கு ஒருநாள்கூட காலி விழக்கூடாது.”

அக்கா மாடிக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அங்கேயே நின்று அழுதாள்.

நர்ஸ் நடப்பதே தெரியாது. வாடகை தேதி தவறாமல் வந்தது. ஆனாலும் அக்கா இரண்டு வாரமாக நடுநடுவே மிஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை டப்பாவைத் திறந்து பணம் எடுத்தாள்.

“ஏங்க, ஞாயித்துக்கிழமை வேனை எடுங்க. குதிரையைப் பாத்துட்டு வரலாம். இது பெட்ரோலுக்கு. ஒரு கவுனுக்கும் துணி எடுக்கணும்.”

“அடி, காலி மாசத்துக்குன்னு வெச்சிருந்த காசாச்சே?”

“அந்த மாசம் வராம பண்ணிட்டுப் போனவரு அவங்கப்பாதானே. அப்ப அது அவ காசு.”

அவர் வேனைத் துடைக்கப் போனார்.