பிள்ளைக்கு அனுப்பிய ரொட்டி

எங்கள் சிவகாசியில் அந்தக் காலத்தில் ரொட்டி என்றால் நோயாளிச் சாப்பாடு. கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர் நின்று வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று விசாரிப்பார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, எதுவானாலும் முதலில் சோற்றை நிறுத்துவார்கள். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். டாக்டரும் அதைத்தான் சொல்வார், டாக்டரிடம் போகாதவர்களும் அதைத்தான் செய்வார்கள். ஐம்பதுகளின் கடைசியில் என் மூத்த மகனுக்காக நான் ரொட்டி வாங்கத் தொடங்கினேன். அவன் தவறிப்போன பிறகு சில வருஷம் அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு மகளுக்காக மறுபடியும் போய் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பொட்டலம் கட்டினார். அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மகன் எப்படிப் போனானோ அதே வழியில்தான் மகளும் போய்க்கொண்டிருந்தாள். தாய்ப்பால் குடித்தவரை கொழுகொழுவென்று இருந்தவள். பால் மறக்கடித்து, உடம்பு தேறட்டும் என்று கோதுமைக் கஞ்சியும் ரஸ்க்கும் கொடுக்க ஆரம்பித்தபின் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்துவிட்டது. போகிறதெல்லாம் நுரையும் நாற்றமுமாகப் போயிற்று. சிரிப்பை மறந்துவிட்டாள். யாராவது தூக்கினால் வீறிட்டு அழுவாள், இறக்கிவிட்டாலும் அழுவாள். இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றையும் எனக்கும் என் மனைவிக்கும் முன்பே தெரியும். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். அதனால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டோம்.

குற்றவாளியைச் சொந்தக்காரர்கள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். அது நான்தான். எனக்குத் திருத்தங்கல் ரோட்டில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. கந்தகமும் அலுமினியப் பொடியும் என் நகக்கண்ணிலேயே குடியிருந்தன. வேட்டியில், தலைமுடியில், மூச்சில் எல்லாம் வெடிமருந்து நெடி. அந்த நெடிதான் பிள்ளைகளின் குடலை அரிக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஊரே தலையாட்டியது. நானும் நம்பினேன். கம்பெனியிலேயே குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். அதுவும் போதவில்லை. ஒரு சாயங்காலம் பிள்ளையைத் தூக்கக் குனிந்தபோது மனைவி நடுவில் வந்து நின்றாள்.

"இவளையாவது எனக்கு விட்டுருங்க. நீங்க தொடாதீக."

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மனைவியின் அண்ணன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்தார். கம்பும் சோளமும் விளைகிற கரிசல் காடு. பட்டாசு வாடையே கிடையாது. தாயையும் பிள்ளையையும் அங்கே கூட்டிப்போய்விட்டார். கம்பஞ்சோறு நோஞ்சான் வயிற்றுக்குக் கனம் என்று ரொட்டியை மட்டும் நான் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு வாங்கி, ஓலைக் கொட்டானில் வைத்து, முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். என் விரல் படக்கூடாது என்று கடைக்காரரையே வைத்துக் கட்டச் சொல்வேன். பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த ஒரு கொட்டான்தான். சீசன் மும்முரத்தில் லோடு ஏற்றுவது தவறினாலும் அது தவறியதில்லை.

அந்தத் தீபாவளி முடிந்ததும் அடைமழை பிடித்தது. வைப்பாறு பெருகி ரோடு அறுந்து, பஸ் நின்றுபோயிற்று. பிள்ளை பட்டினி கிடந்தே போய்விடும் என்று நினைத்தேன். கம்பெனி வாசலில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் சேதி கொண்டுவந்தவரோ என்று எழுந்து ஓடுவேன். தண்ணீர் வடிந்து பஸ் ஓடிய முதல் நாள், இரண்டு முழு ரொட்டியும் ரஸ்க்குமாக நானே கிளம்பினேன். பாடையைத்தான் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணம் வழி முழுக்க என்னோடு வந்தது.

மகள் முற்றத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. ரொட்டி வராததால் வேறு வழியில்லாமல் கம்பங்கூழைக் கரைத்துக் கொடுத்தார்களாம். அதைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாளாம். கிராமத்துக் காற்று வேலை செய்கிறது என்றார் மைத்துனர். என் கண் நிறைந்துவிட்டது. நான் இல்லாத இடத்தில் என் பிள்ளை பிழைக்கிறாள். சந்தோஷப்படுவதா, செத்துப்போவதா என்று தெரியவில்லை. கொட்டானை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஒரு வாரத்துக்குள் பிள்ளைக்கு மறுபடியும் பேதி. மைத்துனரே சிவகாசிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாப்ளே, தப்பா எடுத்துக்கிறாதீக. நீங்க வந்துபோன மறுநாளே ஆரம்பிச்சிருச்சு. இனிமே இங்கன இருந்தே ரொட்டிய மட்டும் அனுப்பிவிடுங்க."

சரி என்றேன். போகவே இல்லை. ரொட்டி மட்டும் போயிற்று. தை பிறந்தபோது பிள்ளை கண்ணைத் திறக்கவே சிரமப்படுகிறாள் என்று சேதி வந்தது. அப்போதுதான் யோசித்தேன். நான் போகவில்லையே, என் நெடி போகவில்லையே, பின்னே அங்கே போனது என்ன? அதற்குமேல் யோசிக்கத் துணிவில்லை. கிராமத்துக்குப் போய், யார் பேச்சையும் கேட்காமல் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மதுரைக்கு வண்டி பிடித்தேன். வெகுநாள் கழித்து அன்றுதான் அவளைத் தொட்டேன். தோளில் கனமே தெரியவில்லை.

மதுரையில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு குழந்தை டாக்டர் இருந்தார். வெடிமருந்துக் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மழையில் ரொட்டி நின்றதைச் சொன்னதும், அந்த நாட்களில் என்ன சாப்பிட்டாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கோதுமை மாவைப் பிசைந்தால் ஒரு பிசுக்கு வருகிறதே, சில பிள்ளைகளின் குடலுக்கு அதுதான் ஆகாது, உள்ளே அரித்துவிடும் என்றார். அந்தப் பிசுக்கை எனக்குத் தெரியாதா? பட்டாசுக் குழாய் ஒட்டுகிற மைதாப் பசையில்தான் என் கம்பெனியே ஒட்டிக்கொண்டு நின்றது. ரொட்டி, ரஸ்க், ரவை, சேமியா எதுவும் ஆயுசுக்கும் கூடாது, அரிசியும் கம்பும் சோளமும் போதும் என்றார். மூத்தவன் போன விதத்தைச் சொல்லி, அவனுக்கும் இதுதானா என்று கேட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

தாயும் பிள்ளையும் சிவகாசிக்கே திரும்பி வந்தார்கள். ரேஷனில் அரிசியைக் குறைத்து ஊரெல்லாம் கோதுமையைத் தள்ளிவிட்ட வருஷங்கள் அவை. கல்யாண வீட்டுக் கேசரி, கோயில் ரவைப் பிரசாதம், எதைக் கண்டாலும் எங்களுக்கு நடுக்கம். கட்டிப் பெருங்காயத்தில்கூட மைதா கலக்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அன்பாக ஒரு பன்னை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரரை நான் அடிக்கவே போய்விட்டேன். கிறுக்கன் என்று பெயர் வாங்கினேன், பரவாயில்லை. பிள்ளை மெல்ல மெல்லத் தேறினாள்.

அப்படி ஒரு மத்தியானம் மனைவி அவளுக்குக் கம்பஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை பாதியில் நின்றது. என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"பெரியவன் கடைசி நாள்ல ரொட்டி வேண்டாம் வேண்டாம்னு தலையத் திருப்பிக்கிட்டான். நாந்தான் மடியில போட்டு, வாயத் திறந்து ஊட்டுனேன்."

நான் சொல்லாமலே அவள் கண்டுபிடித்திருந்தாள். எப்போதிலிருந்து தெரியுமோ.

"வாங்கிட்டு வந்தது நான்" என்றேன்.

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மிச்சத்தை நான் ஊட்டினேன். அதற்குப் பிறகு மகளுக்கும், பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கும் அவள் தன் கையால் ஒரு வாய் ஊட்டியதில்லை. சமைத்து, கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொள்வாள். பிள்ளை விழுங்கிவிட்டதா என்பதை அங்கிருந்தே என் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.