நான்தான் சாகடிச்சேன்

என் அக்காவைப் பார்த்தால் யாரையும் அதட்டக்கூடியவள் என்று சொல்ல மாட்டீர்கள். பல் மருத்துவமனையில் உதவியாளர். நாள் முழுக்க டாக்டர் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அவ்ளோதான், முடிஞ்சிருச்சு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று வருகிற வாய்க்கெல்லாம் ஆறுதல் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். ஹெட்போன் மாட்டினால் காது வலிக்குமாம். இருவருக்கும் ஒரே அறை என்பதால் அந்தக் கூத்து மொத்தமும் என் காதில்தான் விழும்.

ஆன்லைனில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும், இன்னொரு ஐந்து பேர் அதை உடைக்க வருவார்கள். இதுதான் விளையாட்டு. அக்கா, அடிபட்டவர்களுக்கு மருந்து போடுகிறவள். அங்கே அவள் பெயர் 'பல்லு'. ஒருவர் சொதப்பினால் ஐந்து பேருக்கும் புள்ளி போகும். பாதியில் எழுந்து போனாலும் புள்ளி போகும். முன்பின் தெரியாதவர்களை இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு, 'அன்பாகப் பேசுங்கள்' என்று ஓரத்தில் அறிவிப்பு வேறு! இதை யோசித்த மகாராசன் யாரென்று தெரிந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். எவன் செத்தாலும் மருந்து போடாதவள் மேல்தான் பழி. பெண் குரல் என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், காதில் வாங்க முடியாது.

அதனால்தான் அக்கா சொந்தமாக ஒரு குழு ஆரம்பித்தாள். அதற்குச் சட்டம் ஒன்றே ஒன்று. தோற்றதும், சொதப்பியவர் முந்திக்கொண்டு "நான்தான் சாகடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் சிரிக்க வேண்டும். முடிந்தது கதை. ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கணக்கு வாத்தியார், கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்று ஆட்கள் சேர்ந்தார்கள். தோற்றுத் தோற்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருநாள் குழந்தை கீபோர்டில் கைவைத்து மொத்தக் கோட்டையும் போனது. "நான்தான் சாகடிச்சேன்னு பாப்பா சொல்றா" என்றாள் அம்மாக்காரி. அன்று அக்கா சிரித்ததைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாத்தியாருக்குத்தான் ஜெயிக்கும் ஆசை வந்தது. 'கத்தி' என்று ஒருவனைக் கூட்டி வந்தார். ஆட்டத்தில் சூரன். ஆனால் தப்பு செய்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒத்துக்கொள்கிறவர்களை விடவும் மாட்டான். "நேத்தும் நீங்கதானே சொன்னீங்க? தினமும் சாகடிக்கிறதுதான் உங்க வேலையா?" என்பான். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? கொஞ்ச நாளில் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினார்கள். குழந்தைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

"அவனத் தூக்கி வெளிய போடுக்கா. உன் குழுதானே?"

"அவன் வந்தப்புறம்தான்டி ஜெயிக்கிறோம். கொஞ்சம் பொறுத்துக்கோ."

நோயாளிகளிடம் பேசும் அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிறு மத்தியானம் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். வாசலைக் காக்காமல் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தாள், கோட்டை விழுந்தது. கத்தி ஆரம்பிப்பதற்குள் என் அக்கா ஆரம்பித்தாள். "கண்ண எங்க வச்சிருந்த? ஆடத் தெரியலன்னா எதுக்கு வந்து எங்க உயிர வாங்கற?"

துணி மடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். இது என் அக்காவா?

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "நான்தான் சாகடிச்சேன்." சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள், பாவம். சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "இல்லம்மா, வாசலப் பாத்துக்கன்னு நான் சொல்லவே இல்ல. நான்தான் சாகடிச்சேன்."

திரையிலிருந்து அந்தப் பெண்ணின் பெயர் ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. அக்கா சொன்னதைக் காதில் வாங்கியவன் கத்திதான். "ஒத்துக்கிட்டீங்கல்ல? அப்ப மருந்து போட வேற ஆளக் கூட்டிட்டு வரேன்."

அக்கா காத்திருந்தாள். லாரிக்காரர் தொண்டையைக் கனைத்தார், அதோடு சரி. வாத்தியார்தான் பேசினார். "ஒரே ஒரு ஆட்டம்தானே பல்லு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அடச்சீ என்றாகிவிட்டது எனக்கு. லேப்டாப்பை என் பக்கம் இழுத்து, "யாரு ஆரம்பிச்ச குழு சார் இது?" என்று கத்தினேன். அதற்குள் திரையில் வேறு யாரோ மருந்துப் பையோடு கோட்டை வாசலில் வந்து நின்றார்கள், அக்காவையும் சேர்த்து அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது. இனி அக்கா பாதியில் எழுந்தால் அவர்களுக்குப் புள்ளி போய்விடும்.