கேசட்டின் கடைசிப் பாட்டு

அந்த ஆல்பத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வரும். யாரும் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். ஊரே கொண்டாடிய ஒரு ராக் குழுவின் கிதார்காரர், குழுவோடு முறைத்துக்கொண்டு தனியாகப் போட்ட ஆல்பம் அது. அந்தக் குழுவென்றால் உயிரை விடும் பெங்களூர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இப்படியொன்று வந்ததே தெரியாது. தெரிந்தவர்கள் திட்டினார்கள். எனக்கு மட்டும் பிடித்துத் தொலைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஈஜிபுராவில் ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்துக்கொண்டிருந்தோம். நான் கிதார், என் நண்பன் டிரம்ஸ். வாரம் முழுக்க ஆட்டோ உதிரிபாகக் கடையில் நின்றுவிட்டு வந்து அவன் அடிப்பான். கீழ்வீட்டு அம்மா சண்டை போட ஏறி வந்து, பாதிப் படியில் நின்று கேட்டுவிட்டுப் போவார். அவன் இல்லையென்றால் எங்கள் குழுவே இல்லை.

சிவாஜிநகரில், வெற்றுக் கேசட் கொடுத்தால் கேட்டதைப் பதிந்து தரும் கடையில் அந்த ஆல்பத்தை எனக்காகப் பதிந்து வந்தவனும் அவன்தான். கேட்டுவிட்டு, டிரம்ஸ் எங்கே என்றான். ஆல்பம் முழுக்க டிரம்ஸ் பேருக்குத்தான் இருந்தது, உண்மை. அதற்காக நல்லதை நல்லதென்று சொல்லக் கூடாதா? பேஸ் கிதார் வாசித்தவன், யார் டீ வாங்கித் தருகிறார்களோ அவர்கள் பக்கம் பேசினான். பாடியவன் இன்னும் மோசம். நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை என்றான். இவனுக்குத் திட்டுகிறவனே தேவலை என்று தோன்றியது.

ஒரு கல்லூரி விழாவில் வாசிக்க வாய்ப்பு வந்தது. அந்த ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டாவது வாசித்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நண்பன் டிரம்ஸ் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"பேஜாரு மச்சா. நீயே வாசிச்சுக்கோ."

போ என்றேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அறையில் எங்கள் மூவரின் சத்தம் எங்களுக்கே சகிக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதற்கடுத்த வாரம் வந்தான். உட்கார்ந்து, குச்சியைக் கையில் எடுத்த பிறகு சொன்னான்.

"அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் நல்லாயிருக்கு. அத வாசிக்கலாம்."

அது குரலே இல்லாத, வெறும் கிதார் பாட்டு. விழாவில் அதை வாசித்தோம், கைதட்டினார்கள். அப்புறம் யார் அந்த ஆல்பத்தைக் குறை சொன்னாலும், எங்கள் டிரம்மரே ஒத்துக்கொண்டான் என்று வாயை அடைப்பேன்.

பல வருடம் கழித்து அதன் சிடி கிடைத்தது. கடைசிப் பாட்டு அதில் இல்லை. கம்பெனிக்காரன் வெட்டிவிட்டான் என்று கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். ஆல்பமே இவ்வளவுதான் சார் என்றார் அவர். கோபத்தோடு நண்பனுக்குப் போன் செய்தேன். அப்போது அத்திபெலேயில் சொந்தக் கடை வைத்திருந்தான்.

"அது அந்த ஆளோட பாட்டே இல்ல மச்சா. கேசட்ல எடம் மிச்சம் இருந்துச்சு. எனக்குப் புடிச்சது ஒண்ணப் போடச் சொன்னேன்."

மிச்ச நாடாவை வேறு பாட்டால் நிரப்பித் தருவது அந்தக் கடைகளின் வழக்கம். எனக்கும் தெரிந்ததுதான். தோன்றவே இல்லை. ஏன்டா அப்போதே சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா அதையும் வாசிக்க விட்டிருக்க மாட்ட. பேண்டு அன்னைக்கே ஒடஞ்சிருக்கும்."

அப்படியானால் அந்த ஆல்பத்தில் உனக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லையா என்றேன். ஒன்றுகூட இல்லை என்றான், கொஞ்சமும் கூசாமல்.

அவன் சொன்னது தப்பென்று எனக்கே காட்டிக்கொள்ள சிடியை மறுபடி முழுதும் கேட்டேன். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முடிந்த பிறகும் அடுத்தது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்துபோய்ப் பழைய கேசட்டைத் தேட ஆரம்பித்தேன். அந்த ஆல்பத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு அதுதான்.