அழித்த நான்கு படங்கள்

அபிராமபுரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரையை ஸ்கேன் எடுப்பது என் வேலை. நான் எடுக்கும் படம் பளிச்சென்று இருக்கும். அந்தத் திமிர் எனக்கு எப்போதுமே உண்டு.

அன்று பார்வை மங்குகிறது என்று ஓர் ஆட்டோக்காரர் வந்தார். நான்கு முறை எடுத்தும் படம் கலங்கியே வந்தது. "எத்தனை தடவை சொல்றது? கண்ணை ஆட்டாதீங்கண்ணே!" என்று ஒவ்வொரு முறையும் திட்டினேன்.

"நான் இன்னாம்மா பண்றது? ஆடாமதானே குந்திக்கினு கீறேன்!" என்றார் அவர்.

ஐந்தாவது படம் தேறியது. வழக்கம்போல மற்ற நான்கையும் அழித்துவிட்டு, அதை மட்டும் டாக்டரிடம் காட்டினேன். விழித்திரையின் நரம்பு அடுக்கு மெலிந்திருப்பதைக் கவனித்த டாக்டர், "எத்தனை தடவை எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு, டாக்டர். மனுஷன் கண்ணை ஆட்டிக்கிட்டே இருந்தார்."

"அதைத்தானே முதல்ல சொல்லணும்!"

டாக்டரே எழுந்து வந்து கண்ணசைவைச் சோதித்து, கண் தானாகவே ஆடுகிறது என்று சொல்லி, அவரை நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்று அங்கே உறுதியானது. உடனே மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆள் தெம்பாகத்தான் வந்துபோகிறார்.

என் படங்கள் இப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் கலங்கிய படம் ஒன்றைக்கூட அழிப்பதில்லை. அந்த நோய் என் மெஷினில் நான்கு முறை முகம் காட்டியது. நான்கு முறையும் நான் அவரைத்தான் திட்டினேன்.