அக்காவுக்குக் கொண்டுபோன குட்டிக் கிழங்கு

எங்கட கொட்டாஞ்சேனை வீட்டில் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் மனிசருக்கு மட்டுமில்லை, பூஞ்செடிக்கும் உண்டு. பின்வளவில் அம்மா வளர்த்த சிவப்பு ஈஸ்டர் லில்லிகளைச் சொல்லுறன். தை பிறந்ததும் தண்ணியை நிறுத்திப்போடுவா. இலை பழுத்துச் சாயும். சட்டிகளைக் குசினித் தாழ்வாரத்துக்குக் கீழே சரித்து வைத்து, ஒரு சொட்டுத் தண்ணி படாமல் காவல் காப்பா. பாதித் தபசில் வெயிலுக்கு இழுத்து வந்து தண்ணி காட்டினால், இலைக்கு முந்திக்கொண்டு மொட்டு தாராக் கழுத்து மாதிரி எழும்பும். உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் பீடத்தில் எங்கட பூதான். கிழங்கின்ர கழுத்து மண்ணுக்கு மேலே நிற்கவேணும், புதைத்தால் அழுகிப்போகும் என்று தெருவுக்கே பாடம் நடத்துவா. பெத்த பிள்ளைகளிட்டைக் காட்டாத பொறுமையெல்லாம் அந்தக் கிழங்குகளிட்டைத்தான்.

கலியாணம் முடித்துப் போகிற மகளின்ர கையில் மொட்டு வைத்த சட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்புவது எங்கட வீட்டு வழக்கம். அம்மாவும் அப்படி ஒன்றோடுதான் இந்த வீட்டுக்கு வந்தவ. பக்கத்தில் வெடிக்கிற குட்டிக் கிழங்குகளைப் பிரித்து அயலவைக்குக் கொடுக்கலாம். மகளுக்குப் பெரிய கிழங்குதான்.

அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கந்தோரில் கூட வேலை செய்த சைவப் பெடியனை விரும்பி, மாதா கோயிலுக்குப் போகாமல் ரெஜிஸ்தர் எழுதிப்போட்டு வெள்ளவத்தையில் போய்க் குடியிருந்தா. அப்பா செத்து வருஷம் திரும்பாத வீடு. "இனி எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று அம்மா சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. அந்த ஒரு பிள்ளை நான். சும்மா இருப்பனோ? களவாய் அக்காவைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தனான்.

அப்படிப் போன ஒரு நாள்தான் அக்காவுக்குச் சயரோகம் என்று தெரிய வந்தது. டொக்டர் கையை விரித்துவிட்டார் என்று அத்தான் வாசல் படலையில் நின்று அழுதார். அக்கா அழவில்லை. "அம்மாவை ஒருக்கா வரச் சொல்லன்" என்றா, அவ்வளவுதான்.

வந்து சொன்னேன். அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்தா. கழுவிக்கொண்டேயிருந்தா. "நீங்கள் மனிசியா, கல்லா?" என்று கத்தினேன். நாளும் பொழுதும் போனது. லில்லிகளுக்குத் தண்ணி காட்டினா, மொட்டும் வந்தது, வெள்ளவத்தைக்கு மட்டும் வெளிக்கிடவில்லை. எனக்கு அந்தச் சட்டிகளைத் தூக்கி றோட்டில் அடிக்கவேணும் போலிருந்தது.

குருத்து ஞாயிறு கழிந்த மற்ற நாள் காலமை, சீலை மாற்றிக்கொண்டு வந்து, "வெளிக்கிடு, வெள்ளவத்தைக்குப் போவம்" என்றா. கையில் ஒரு சின்னச் சட்டி. அதுக்குள்ளே வெங்காயம் போல ஒரு குட்டிக் கிழங்கு, ரெண்டு இலை. பின்னால் தாழ்வாரத்தில் மொட்டு வைத்த சட்டிகள் வரிசையாய் நிற்குது!

என்ர பொறுமை போயிட்டுது. கோட்டை ஸ்டேசனுக்கு டிராமில் போகும்போதும், அங்கிருந்து கோச்சியில் போகும்போதும் விடவில்லை. "சாகக் கிடக்கிற பிள்ளைக்கு, அயலவைக்குக் கொடுக்கிறதைத்தானோ கொண்டுபோறீங்கள்? பெரியதைக் கொடுத்தால் உங்கட மானம் போயிடுமோ?" அம்மா கடலைப் பார்த்தபடி சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தா. முன்னால் இருந்த சிங்கள மனிசி என்னைத்தான் முறைத்தா.

அக்கா எலும்பும் தோலுமாய்க் கிடந்தா. நான் வழமைபோல வாசலோடு நின்றுவிட்டேன். அந்தக் கட்டிலுக்குக் கிட்டப் போக எல்லாருக்கும் பயம், எனக்கும்தான். அம்மா நேரே உள்ளே போய்ச் சட்டியை யன்னலில் வைத்தா. அக்கா முதலில் பார்த்தது சட்டியைத்தான்.

"குட்டியோ, அம்மா?" என்றா. பிறகு இருமல் அடங்கும்மட்டும் பொறுத்து, "இது பூக்க மூன்று வருஷம் செல்லுமே" என்றா.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. அம்மா கட்டிலில் ஏறி இருந்து, அக்காவின்ர முகத்தை ரெண்டு கையாலும் பிடித்தா.

"தெரிஞ்சுதான் கொண்டுவந்தனான். மொட்டு வச்சதைத் தந்தா, வாற கிழமை பூவைப் பார்த்திட்டு நீ போயிடுவாய். இது பூக்கும்மட்டும் நீ எங்கையும் போகக்கூடாது. விளங்குதோ?" குரல் அதட்டல்தான். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று அக்காவின்ர கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஓம், அம்மா" என்றா அக்கா.

சின்ன வயசிலிருந்து அம்மா சொன்ன ஒன்றையும் கேளாதவ. இந்த ஒன்றைக் கேட்கத்தான் ஆசைப்பட்டா. மாரி தொடங்க முதலே போயிட்டா.