கங்காணி வீட்டு வெற்றிலை

இந்த ஊர்ப் பூங்காவில் பெஞ்சுகளுக்கெல்லாம் செத்தவர்களின் பெயர். முதுகு சாய்க்கும் பலகையில் சின்னப் பித்தளைத் தகடு பதித்து, இன்னார் நினைவாக என்று எழுதியிருப்பார்கள். ஸ்காட்லாந்துக்கு வந்த புதிதில் உட்காரவே கூசும். செத்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரிகடலை தின்பது மாதிரி இருக்கும். பிறகு பழகிவிட்டது. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வரும் வழியில் ஒருநாள் ஒரு தகட்டைப் படித்தேன்: ‘திருவாங்கூர் மலைகளை நேசித்தவர்.’ எனக்குப் பகீரென்றது. கம்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே தெரியும் மலைகள் அவை. தேயிலைத் தோட்டத்துத் துரையாம். இந்த ஊர் நூலகம் அவர் கொடுத்த காசில் கட்டியதாம்.

கூலிகளை வதைத்துச் சேர்த்த காசு என்று பேச்சு கிளம்பி, அந்தத் துரையால் 2008இல் ஊர் இரண்டுபட்டது. அவர் படத்தை மியூசியத்தில் விட்டுவைப்பதா, கழற்றுவதா என்று சண்டை. மியூசியத்தில் வரலாற்றுப் பணி பார்க்கும் ஃபியோனா ஒரு வழி செய்தாள். சர்ச் ஹாலில் வட்டமாக நாற்காலி போட்டு, இரு தரப்பையும் உட்கார வைத்து டீ கொடுத்தாள். ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது. அந்த மலைக்குக் கூலிகள் போன ஊர்க்காரி நான் என்று தெரிந்ததும், “உங்கள் சமூகத்தின் குரல் வேண்டும்” என்றாள். என் சமூகம் எது என்று அவளுக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

நான் கொண்டுபோனது தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி. அவர் மலைக்கு ஆள் சேர்த்து அனுப்பிய கங்காணி. எங்கள் வீட்டுக்கே ஊரில் கங்காணி வீடு என்றுதான் பேர், அதில் எங்களுக்குப் பெருமைதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஜனங்கள் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் காட்டுப்பாதை ஏறியதையும், பலர் திரும்பாததையும் சொன்னேன். பேச்சு தானாக வந்தது. துரையின் பேத்தி முறையான மார்கரெட் என்ற கிழவி எழுந்து வந்து என் கையைப் பிடித்து, “என் குடும்பம் உன் குடும்பத்துக்குச் செய்ததற்கு மன்னித்துக்கொள்” என்று அழுதாள். நானும் அழுதேன். “இட்ஸ் ஓகே” என்றேன். வெட்கங்கெட்டவள், யார் வீட்டு எழவுக்கோ நான் ஒப்பாரி வைத்து, மன்னிப்பும் கொடுத்து அனுப்பினேன்.

கூலிக் குடும்பத்து ஆள் ஒருவரின் குரலும் வேண்டும் என்று ஃபியோனா கேட்டாள். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் சுருளிக்குப் போன் போட்டேன்.

“தொரையவா கேக்குற தாயி? தொரைய எங்க பாட்டன் கண்ணால பாத்ததில்ல. வெத்தல குடுத்தது ஒங்க தாத்தாதான்.”

தாத்தா கையால் வெற்றிலை வாங்கினால் வாக்குக் கொடுத்தாயிற்று, மலை ஏறியே ஆக வேண்டும். மறுத்தால் தம்பியை இழுத்துப் போவார்கள். “பாட்டன் காச்சலோட தப்பிச்சு எறங்கி வந்தாரு. ஒங்க தாத்தாதான் பிடிச்சுத் திரும்ப ஏத்திவிட்டாக. அப்புறம் வரல.” இத்தனையையும் சொல்லும்போதுகூட அவன் தாத்தாவை ‘அவுக’ ‘இவுக’ என்று மரியாதையாகவே சொன்னான். “நீ என்ன சாமான் கொண்டுபோன?” என்று கேட்டான். வெற்றிலைப் பெட்டி என்றேன். போனை வைத்துவிட்டான்.

1998இல் என் கல்யாணம். பந்தி முடிந்து கீழத்தெரு ஆட்களுக்கு நானே தாம்பூலத் தட்டை நீட்டினேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. சுருளி, “வெத்தல போடுறதில்ல தாயி” என்றான், வாயெல்லாம் சிவப்பாக. திமிரைப் பார் என்று எல்லோர் முன்னாலும் ஏசினேன். தலையைக் குனிந்துகொண்டு போனான். மூன்று தலைமுறையாக அந்தத் தெரு எங்கள் வீட்டு வெற்றிலையைத் தொட்டதில்லை. எங்களில் யாரும் ஏன் என்று கேட்டதுமில்லை.

ஃபியோனாவிடம் உண்மையைச் சொன்னேன். அதிர்ச்சியடையாமல், “சுருளியிடம் கேள், மியூசியத்தில் இதை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று” என்றாள். கேட்டேன்.

“அங்கன எழுதி எனக்கென்ன தாயி? இங்கன சொல்லு.”

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து என் தாத்தா பேரைச் சொல்லி, அவர் செய்ததைச் சொன்னேன். மார்கரெட்டிடம், அந்த மன்னிப்பு எனக்குச் சேர வேண்டியதல்ல என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் ஹாலே கை தட்டியது. பெட்டியை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அது கண்ணாடிக்குள் துரையின் படத்துக்குக் கீழே இருக்கிறது.

2010இல் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊர் போனேன். சுருளி தெருவுக்குப் போய்த் தாத்தா செய்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். “அங்கன போயி ஒளறினது போதாதா, இங்கயும் மானத்த வாங்கப் போறியா?” என்று அண்ணன் கத்தினான். ஆனாலும் காரைத் தானே ஓட்டி வந்தான், கீழத்தெரு முனையைத் தாண்டி உள்ளே வரவில்லை. சுருளி வாசலில் நாற்காலி போட்டான். அவன் பெண்டாட்டி கடுங்காப்பி கொடுத்தாள். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அங்கே இங்கிலீஷில் மடமடவென்று வந்தது, இங்கே தாத்தா பேரில் முதல் எழுத்துகூட நாக்கில் வரவில்லை. காலுக்குக் கீழே மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அங்கன சொல்லிட்டியாமே?” என்றான் சுருளி.

“சொன்னேன்.”

“என்ன சொன்னாக?”

“கை தட்டுனாக.”

தெருவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “இங்கன யாரும் தட்ட மாட்டாக தாயி” என்றான்.

தெருமுனையில் அண்ணன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். நான் எழுந்து நின்றேன். காரை நோக்கியும் கால் நகரவில்லை, வாயும் திறக்கவில்லை. அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.